பிரெஞ்சு இலக்கணம் (தொடக்க நிலை)

பிரெஞ்சு, இலத்தீனிலிருந்து தோன்றிய உரோமானிய மொழிகளுள் ஒன்றாகும். 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு நிர்வாகத்தில் இருந்த புதுச்சேரியில் இம்மொழி இன்றும் கற்பிக்கப்படுகிறது. தமிழ்நாட்டில் மேல்நிலை வகுப்பு மாணவர்களும் இதனை மொழிப்பாடமாகத் தேர்ந்தெடுக்கலாம். தமிழ் வழியே இதனைக் கற்போர் பால், முன்னடை, வினை விகுதி ஆகிய மூன்றையும் முதலில் அறிதல் வேண்டும்.

பால்

தமிழில் பால் பொருளைப் பொறுத்தது. பிரெஞ்சில் சொல்லைப் பொறுத்தது. இலத்தீனில் இருந்த மூன்றாம் பால் பிரெஞ்சில் மறைந்து, பெரும்பாலும் ஆண்பாலுடன் கலந்துவிட்டது. ஆகவே அஃறிணைப் பொருள்களின் பெயர்களும் ஆண்பாலாகவோ பெண்பாலாகவோ அமையும். சிவகாசி, விஸ்வநத்தம் பகுதியின் தீப்பெட்டி, பட்டாசு, அச்சுத் தொழில்கள் சார்ந்த சில சொற்கள்:

* ஆண்பால்: பெத்தார் (பட்டாசு), பாப்பியே (காகிதம்), கலாந்திரியே (நாட்காட்டி)
* பெண்பால்: அலுமெத் (தீக்குச்சி), ஃப்யூசே (ராக்கெட்)

ராக்கெட்டைக் குறித்து 'அது பறக்கிறது' எனக் கூற, 'அவள்' எனப் பொருள்படும் 'எல்' என்ற சொல்லே வரும். பெயரடையும் பாலுக்கேற்ப மாறும். சிறிய பட்டாசு 'அன் ப்தீ பெத்தார்' எனவும், சிறிய ராக்கெட் 'யூன் ப்தீத் ஃப்யூசே' எனவும் வரும்.

முன்னடைகள்

ஆங்கிலத்தில் ஆர்ட்டிகிள் எனப்படுபவை இவை.

* 'ஒரு' என்னும் பொருளில்: அன் (ஆண்பால்), யூன் (பெண்பால்), தே (பன்மை)
* குறித்த பொருளைச் சுட்ட: லெ (ஆண்பால்), லா (பெண்பால்), லே (பன்மை)

உயிரொலிக்கு முன் லெ, லா இரண்டும் குறுகி 'ல்' என நிற்கும். எனவே 'லலுமெத்' என்பதிலிருந்து பால் தெரியாது. பெயர்ச்சொல்லைத் தனியே மனனம் செய்யாமல், 'யூன் அலுமெத்' என முன்னடையுடன் சேர்த்துக் கற்பதே நல்லது. பன்மைக்குரிய இறுதி எழுத்து பொதுவாக ஒலிக்கப்படுவதில்லை. தமிழில் 'கள்' விகுதி உணர்த்தும் பன்மையைப் பேச்சில் பெரும்பாலும் முன்னடையே உணர்த்துகிறது.

வினைச்சொற்கள்

வினைகள் மூன்று வகைப்படும். அவற்றுள் முதல் வகையே மிகப் பெரியது. 'பர்லே' (பேசுதல்) என்பதன் நிகழ்கால வடிவங்கள்:

* நான்: ஜெ பர்ல்
* நீ: த்யூ பர்ல்
* அவன் / அவள்: இல் பர்ல் / எல் பர்ல்
* நாம், நாங்கள்: நூ பர்லோன்
* நீங்கள்: வூ பர்லே
* அவர்கள்: இல் பர்ல் / எல் பர்ல்

'பேசுகிறேன்' என்னும் தமிழ்ச் சொல்லில் விகுதியே எழுவாயைக் காட்டிவிடும். பிரெஞ்சில் விகுதிகள் எழுத்தில் வேறுபட்டாலும் பல இடங்களில் ஒரே ஒலியுடையவை. 'அவன் பேசுகிறான்', 'அவர்கள் பேசுகிறார்கள்' இரண்டும் காதுக்கு 'இல் பர்ல்' என்றே கேட்கும். எனவே பெயர்ச்சொல் எழுவாயாக வராத இடத்தில், ஏவல் தவிர, பிரதிப்பெயரை விட்டுவிட இயலாது.