கதவு பூட்டப்படும் முன் – 14: இன்றைக்குப் பணம் இருக்கிறதா?

2008 சரிவில் அமெரிக்க வீடுகள் ஏலத்துக்குப் போனதையும், வீட்டுக்காரர் கடனில் மூழ்கியதால் ஒழுங்காக வாடகை கட்டிவந்தவர்கள்கூட மூட்டை கட்ட நேர்ந்ததையும் பார்த்துவிட்டோம். இந்த வாரம் பெருந்தொற்றுக் கால வாடகை உதவிக்கு வருவதாகச் சொல்லியிருந்தேன். நடுவே சிகாகோவில் நடந்த ஓர் ஆய்வு பிடித்துக்கொண்டது. அதைச் சொல்லாமல் நகர மனமில்லை.

சிகாகோவில் தெருவில் பள்ளமா, குப்பை அள்ளவில்லையா, எலித் தொல்லையா, 311-ஐ அழைப்பார்கள். வாடகை கட்ட வழியில்லாமல் வீடு போய்விடும் என்று தவிப்பவர்களுக்கும் அதே எண்தான். அங்கிருந்து வீடிழப்புத் தடுப்புக்கான அழைப்பு மையத்துக்கு இணைப்பு போகும்.

வாடகை பாக்கி விழுந்தால் இல்லினாய் மாநிலத்தில் வீட்டுக்காரர் ஐந்து நாள் நோட்டீஸ் கொடுக்கலாம். அதற்குள் கட்டாவிட்டால் வழக்கு. அப்படியொரு நோட்டீஸைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண் அழைக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மறுமுனையில் கேள்விகள் வரும். எதனால் பாக்கி? வேலை போனதா, உடம்பு முடியவில்லையா? எவ்வளவு தர வேண்டும்? இந்த மாதம் கைகொடுத்தால் அடுத்த மாத வாடகையை நீங்களே கட்டிவிடுவீர்களா? எல்லாவற்றுக்கும் சரியான பதில் சொன்னாலும் கடைசிக் கேள்விக்கு அவரால் பதில் சொல்ல முடியாது. இன்றைக்கு நிதியில் பணம் இருக்கிறதா? அந்தப் பணம் பல இடங்களிலிருந்து வந்தது, ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நிபந்தனை. இன்று இருக்கும், நாளை தீர்ந்திருக்கும். எப்போது இருக்கும் என்று அழைப்பவருக்குத் தெரியாது.

வில்லியம் எவன்ஸ், ஜேம்ஸ் சல்லிவன், மெலனி வால்ஸ்காக் ஆகிய மூன்று பொருளியலாளர்களின் கண் விழுந்தது இங்கேதான். பணம் இருந்த நாளில் அழைத்தவரும் இல்லாத நாளில் அழைத்தவரும் ஏறக்குறைய ஒரே நிலையில் உள்ளவர்கள். அழைத்த நாள்தான் வேறு. 2010 முதல் 2012 வரை அழைத்த சுமார் 4,500 பேரில், ஆறு மாதத்துக்குள் யாரெல்லாம் வீடற்றோர் காப்பகத்துக்கு வந்தார்கள் என்று பார்த்தார்கள். பணம் இருந்த நாளில் அழைத்தவர்கள் காப்பகம் போவது 76 சதவீதம் குறைந்திருந்தது. 2016-ல் ‘சயன்ஸ்’ இதழில் இது வெளியானது. கொடுத்த உதவி ஒரே ஒரு முறை, அதிகபட்சம் 1,500 டாலர்!

உதவி கிடைக்காதவர்களில் பெரும்பாலோர் எப்படியோ சமாளித்துக்கொண்டார்களே, அப்புறம் எதற்குக் கொடுப்பது என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. உதவி இல்லாமலே தப்பித்திருக்கக் கூடியவர்களுக்குப் போன தொகையையும் சேர்த்துத்தான் ஆய்வாளர்கள் கணக்குப் போட்டார்கள். ஒரு வீடிழப்பைத் தடுக்க சுமார் 10,300 டாலர் ஆனது. மிகக் குறைந்த வருமானக்காரர்களை மட்டும் எடுத்தால் 6,800. தடுத்ததால் கிடைத்த பலனோ 20,000 டாலருக்கு மேல் என்று மதிப்பிட்டார்கள். முதல் கணக்கில்கூட, தடுக்க ஆன செலவு அந்தப் பலனில் ஏறக்குறைய பாதிதான். முன்கூட்டியே கொடுங்கள் என்று இந்தத் தொடரில் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இதைவிட வலுவான சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

சரி, யார் கொடுப்பது? அநேகமாக எல்லா அமெரிக்க மாநிலங்களும் வரவுக்குள் செலவை அடக்கியாக வேண்டும் என்ற சட்டக் கட்டுப்பாடு உள்ளவை. வேலை போகும் காலத்தில் வரி வசூலும் சரியும். உதவி கேட்பவர்கள் பெருகும் அதே மாதத்தில் மாநிலம் கையைச் சுருக்கிக்கொள்ளும். அன்றாடச் செலவுக்குத் தாராளமாகக் கடன் வாங்கக்கூடியது மத்திய அரசு மட்டுமே. ஆகவே பொருளாதாரம் சரியும்போது இந்தப் பணம் வாஷிங்டனிலிருந்துதான் வர வேண்டும்.

ஒரு முறை வந்தது. 2009 பிப்ரவரி 17 அன்று ஒபாமா கையெழுத்திட்ட மீட்புச் சட்டத்தில், வீடிழப்பைத் தடுக்கவும் இழந்தவர்களை விரைவில் குடியமர்த்தவும் 150 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அதுவரை வீடற்றோருக்கான மத்திய நிதியில் பெரும்பகுதி விழுந்தபின் தாங்குவதற்கே போனது. இந்தத் திட்டத்தில் வாடகை பாக்கி, மின்கட்டணம், நாம் அட்வான்ஸ் என்கிறோமே அந்த முன்பணம் எல்லாவற்றுக்கும் உதவி உண்டு. தேவைப்பட்டால் 18 மாதம் வரை வாடகை கிடைக்கும். தொகை நேராக வீட்டுக்காரருக்குப் போய்விடும். மூன்று ஆண்டுகளில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதில் பயன்பெற்றார்கள்.

2012-ல் திட்டம் முடிந்தது. வேலை இழந்த பலர் இன்னும் மீண்டிருக்கவில்லை, ஆனால் சட்டம் விதித்த மூன்று ஆண்டு கெடு தீர்ந்திருந்தது. எனக்கு ஆறாத கோபம் இதில்தான். வேலையில்லாதோர் விகிதம் ஒரு அளவைத் தாண்டினால் தானாகத் திறக்கும் நிரந்தர நிதி ஒன்று வேண்டும். சரிவு வரும்போதெல்லாம் நாடாளுமன்ற வாசலில் புதிதாக மன்றாடுவதற்குள் எத்தனை ஐந்து நாள் நோட்டீஸ்கள் கெடு தாண்டிவிடும்!

பெருந்தொற்றின்போது பணம் தாராளமாகவே வந்தது. 2020 டிசம்பரில் 2,500 கோடி டாலர், அடுத்த மார்ச்சில் இன்னும் 2,155 கோடி. அதில் பெரும்பகுதி பல மாநிலங்களில் ஏன் மாதக்கணக்கில் அசையாமல் கிடந்தது என்பது அடுத்த வாரம்.