சர்வரை நிறுத்திய பிறகும் சாகாத நகரம்

ஓர் ஆன்லைன் கேமை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் உள்ள எதிரிகளை எல்லாம் நீக்கிவிடுங்கள். சண்டை கிடையாது, லெவல் கிடையாது, பரிசு கிடையாது. காலித் தெருக்களும் கட்டடங்களும் மட்டும் இருக்கும். நடக்கலாம், பறக்கலாம், பக்கத்தில் நிற்பவரோடு சாட் செய்யலாம். அவ்வளவுதான். இதை யாராவது விளையாடுவார்களா?

விளையாடினார்கள்! 2015-ல் வந்த 'பாராகான் சாட்' என்ற புரோகிராம் இதைத்தான் தந்தது. 'சிட்டி ஆஃப் ஹீரோஸ்' என்ற அமெரிக்க சூப்பர்ஹீரோ கேமின் சர்வர்கள் 2012-லேயே நிறுத்தப்பட்டுவிட்டன. ஆனால் கேமின் ஃபைல்கள் பலருடைய ஹார்ட் டிஸ்க்கில் அப்படியே கிடந்தன. ரசிகர்களான சில புரோகிராமர்கள் அந்த ஃபைல்களோடு எக்ஸ்எம்பிபி என்ற சாட் தொழில்நுட்பத்தை இணைத்தார்கள். பழைய ப்ளேயர்கள் பழைய உடையை மாட்டிக்கொண்டு வந்து, ஆளில்லாத நகரத்தில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

ஒரு கேம் என்றால் அதன் வசதிகள்தானே? வசதி எதுவுமே இல்லாத இடத்துக்கு ஏன் வந்தார்கள்? விடை வேண்டுமென்றால், இந்த கேமில் 8 ஆண்டுகளுக்கு மேல் நடந்த விவாதங்களைப் பார்க்க வேண்டும். ப்ளேயர்கள் என்னென்ன கேட்டார்கள், எதற்காகக் கோபப்பட்டார்கள் என்பதில் சாஃப்ட்வேர் எழுதுபவர்களுக்கும் பயன்படுத்துபவர்களுக்கும் பாடம் இருக்கிறது.

உடைக்கும் பலத்துக்கும் சம்பந்தம் இல்லை

சிட்டி ஆஃப் ஹீரோஸ் 2004 ஏப்ரலில் வெளிவந்தது. கிரிப்டிக் ஸ்டூடியோஸ் உருவாக்கியது, என்சிசாஃப்ட் வெளியிட்டது. மாதச் சந்தா சுமார் 15 டாலர். ரோட் ஐலண்ட் மாநிலத்தில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட பாராகான் சிட்டிதான் களம். தொடக்கத்தில் ஐந்து வகை ஹீரோக்கள். தூரத்தில் இருந்து தாக்குபவர் பிளாஸ்டர். எதிரியை அசையவிடாமல் கட்டிப்போடுபவர் கன்ட்ரோலர். குழுவுக்குத் துணை நிற்பவர் டிஃபெண்டர். நெருங்கிப் போய் அடிப்பவர் ஸ்கிராப்பர். எல்லா அடியையும் தானே வாங்கிக்கொள்பவர் டேங்கர். ஒரு குழுவில் 8 பேர் வரை சேரலாம்.

அந்தக் காலத்து மற்ற ஆன்லைன் கேம்களில் கவசம் மாறினால் பலம் மாறும். அதனால் உயர்ந்த லெவலில் இருப்பவர்கள் எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி உடையில் திரிவார்கள். இங்கே உடை வெறும் உடை மட்டுமே. முகம், தோள், கையுறை, நிறம் என்று ஒவ்வொன்றையும் நீங்களே தேர்ந்தெடுக்கலாம். உங்கள் ஹீரோவின் கதையையும் எழுதி வைக்கலாம். யாராவது உங்களை க்ளிக் செய்தால் அந்தக் கதையைப் படிப்பார்கள். அட்லஸ் பார்க் பகுதியில் உள்ள பெரிய சிலையின் கீழ் ப்ளேயர்களே உடைப் போட்டி நடத்தி, சொந்த கேம் பணத்தில் பரிசு கொடுப்பார்கள். போட்டிக்கென்று தனி மெனுவோ பட்டனோ கிடையாது. ஓர் உடை வசதியும் சாட் வசதியும் இருந்தன. மற்றதை மக்களே செய்துகொண்டார்கள்.

இந்த உடை வசதி கோர்ட் வரைக்கும் போனது! 2004 நவம்பரில் மார்வெல் நிறுவனம் வழக்குப் போட்டது. ப்ளேயர்கள் தங்கள் கதாபாத்திரங்களைப் போலவே ஹீரோக்களை உருவாக்க முடிகிறது என்பது புகார். ஆனால் சான்றாகக் காட்டிய சில கேரக்டர்களை மார்வெல் தரப்பே உருவாக்கியிருந்தது தெரிந்து, நீதிபதி அவற்றை ஏற்கவில்லை. 2005 டிசம்பரில் வழக்கு சமரசத்தில் முடிந்தது. உடை வசதி அப்படியே இருந்தது.

கேப் எங்கே?

கேம் வெளிவந்தபோது ஒரு பெரிய குறை. சூப்பர்ஹீரோ என்றால் தோளில் இருந்து காற்றில் பறக்கும் கேப் வேண்டாமா? அது இல்லை!

கேட்பது சுலபம், செய்வது கஷ்டம். சட்டை உடம்போடு ஒட்டி இருக்கும். உடம்பு அசைந்தால் அதுவும் அசையும். கேப் அப்படி அல்ல. நடந்தால் ஒரு மாதிரி, பறந்தால் ஒரு மாதிரி மடங்க வேண்டும், காலுக்குள் புகுந்துவிடக் கூடாது. ஒவ்வொரு ஃபிரேமிலும் உங்கள் கம்ப்யூட்டர் இதைக் கணக்குப் போட வேண்டும். ஓர் ஆளுக்கு என்றால் சரி. சிலைக்குக் கீழே ஐம்பது பேர் நின்றால்? 2004-ல் வீடுகளில் இருந்த கிராஃபிக்ஸ் கார்டுகளை நினைத்துப் பாருங்கள்.

2004 செப்டம்பரில் 'இஷ்யூ 2' என்ற இலவச அப்டேட்டில் கேப் வந்தது. அப்டேட்டுகளுக்கு காமிக்ஸ் இதழ்களைப் போல இஷ்யூ என்று பெயர் வைப்பது இங்கே வழக்கம். கேப் இத்தனை நாள் இல்லாததற்கும் கதைக்குள்ளேயே ஒரு காரணம் சொன்னார்கள். வேற்றுலகப் படையெடுப்பில் உயிர் கொடுத்த 'ஹீரோ 1' என்பவருக்கு மரியாதையாக, மற்றவர்கள் கேப் அணியாமல் துக்கம் காத்தார்களாம். 20-வது லெவலில் அதற்கென்று ஒரு மிஷனை முடித்தால்தான் உங்களுக்கு கேப். ஒரு டெக்னிக்கல் குறையை சடங்காக மாற்றிவிட்டார்கள்! புதியவர்களுக்கு 20-வது லெவல் ஒரு திருநாள் ஆனது.

நண்பன் பின்தங்கினால்?

லெவல் உள்ள எல்லா ஆன்லைன் கேம்களிலும் ஒரு பிரச்னை உண்டு. உங்கள் நண்பர் ஒரு மாதம் தாமதமாகச் சேருகிறார். நீங்கள் 40, அவர் 10. சேர்ந்து விளையாடவே முடியாது. உங்கள் எதிரி அவரை ஒரே அடியில் வீழ்த்திவிடுவான். அவருடைய எதிரியோ உங்களுக்குத் தூசு.

இதற்கு இந்த கேம் தந்த தீர்வு 'சைட்கிக்'. சூப்பர்ஹீரோவுக்குத் துணையாக வரும் சிறுவனை அப்படித்தான் அழைப்பார்கள். 40-ல் இருப்பவர் 10-ல் இருப்பவரைத் துணையாக ஏற்றால், அவர் 39-வது லெவல் ஆள் போலச் சண்டை போடலாம். பெரியவர் சிறியவரின் லெவலுக்கு இறங்கி வரவும் வழி இருந்தது. ஆனால் ஒரு பெரியவருக்கு ஒரு சிறியவர்தான். குழுவில் சிறியவர்கள் அதிகமானால் ஜோடி கிடைக்காமல் சிலர் காத்திருக்க வேண்டும். 2009-ல் வந்த இஷ்யூ 16 இந்தக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டது. குழுவில் சேர்ந்தாலே எல்லார் லெவலும் தானாகச் சரியாகிவிடும்.

கவனியுங்கள். இது புது ஆயுதமோ புது எதிரியோ இல்லை. இரண்டு பேர் சேர்ந்து விளையாட இருந்த தடையை நீக்கியது, அவ்வளவுதான். என்னைக் கேட்டால் இந்த கேமின் மிகச் சிறந்த வசதி இதுதான்.

கொதித்தெழுந்த ப்ளேயர்கள்

எல்லாம் இப்படி இனிமையாகப் போகவில்லை. 2005 அக்டோபரில் வந்த இஷ்யூ 6-ஐப் பற்றிப் பழைய ப்ளேயர்களிடம் இன்று பேசினாலும் குரல் உயரும்.

ஒவ்வொரு சக்தியிலும் அதிகபட்சம் 6 'என்ஹான்ஸ்மென்ட்' பொருத்தலாம். தாக்குதலைக் கூட்டும் நல்ல என்ஹான்ஸ்மென்ட் ஒன்று சுமார் 33 சதவீதம் கூட்டும். ஆறையும் ஒரே வகையாகப் போட்டால் 200 சதவீதம். எல்லாரும் அதைத்தான் செய்தார்கள். இஷ்யூ 6 இதை மாற்றியது. மூன்று போட்டால் சுமார் 95 சதவீதம். நாலாவது முதல் கிடைப்பது சொற்பம். அதாவது ஒரே இரவில் எல்லா ஹீரோவும் பலம் இழந்தார்!

தலைமை டிசைனர் ஜாக் எமர்ட், கேமின் முதன்மை ஹீரோவான 'ஸ்டேட்ஸ்மேன்' பெயரில் ப்ளேயர்களோடு நேரடியாக விவாதிப்பவர். கோபம் முழுவதும் அவர் மேல் திரும்பியது.

யார் பக்கம் நியாயம்? டிசைனர் பக்கம் கணக்கு இருந்தது. எல்லாருக்கும் ஒரே சரியான விடை இருந்தால் அதைத் தேர்வு என்று சொல்ல முடியாது. ஆறு இடத்திலும் ஒரே பொருள் என்றால் ஆறு இடம் எதற்கு? 2007-ல் வந்த 'இன்வென்ஷன்' வசதியில் விதவிதமான செட்டுகளைக் கலந்து பொருத்திப் பார்க்கும் சுவை, இந்த மாற்றம் இல்லாமல் வந்திருக்காது என்பது என் கருத்து.

ஆனால் ப்ளேயர் பக்கமும் நியாயம் இருந்தது. டேட்டாபேஸில் அது ஓர் எண். அவருக்கோ ஒன்றரை வருடம் மாலைப் பொழுதுகளில் நண்பர்களோடு சேர்ந்து வளர்த்த ஆள். நான் சாஃப்ட்வேர் வேலைக்குச் சேர்ந்த புதிதில், யூஸர்கள் தினமும் பயன்படுத்தும் ஒரு ஸ்கிரீனை எங்கள் டீம் ஒழுங்குபடுத்தியது. புதிய ஸ்கிரீன் வேகமானது, க்ளிக்குகளும் குறைவு. ஆனாலும் திட்டு மழை! "யாரைக் கேட்டு மாற்றினீர்கள்?" என்ற ஒரே கேள்வியைத்தான் எல்லாரும் வேறு வேறு வார்த்தையில் கேட்டிருந்தார்கள். அந்தக் கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. கணக்கு சரியாக இருந்தால் மட்டும் போதாது என்று அன்று புரிந்தது.

கடைசி நாளும் அதற்குப் பிறகும்

2007-ல் கேமின் உரிமை முழுவதும் என்சிசாஃப்ட் கைக்குப் போனது. 2009-ல் ப்ளேயர்களே மிஷன் எழுதும் வசதி வந்தது. அருமையான கதைகளை எழுதியவர்களும் உண்டு, சுலபமான எதிரிகளை வரிசையாக நிறுத்தி லெவல் ஏற்றிக்கொண்டவர்களும் உண்டு. 2011-ல் இலவசமாக விளையாடும் வழியும் வந்தது.

2012 ஆகஸ்ட் 31 அன்று அந்த அறிவிப்பு. கேமை உருவாக்கிவந்த பாராகான் ஸ்டூடியோஸ் மூடப்படுகிறது, நவம்பர் 30-ல் சர்வர்கள் நிறுத்தப்படும்! அதுவரை ஆளுக்கு ஒரு பக்கம் நின்று சண்டை போட்டவர்கள் ஒன்று சேர்ந்தார்கள். 20,000-க்கும் மேற்பட்டோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். அட்லஸ் பார்க்கில் கேப் அணிந்து, கையில் தீப்பந்தம் ஏந்திக் கூடினார்கள். சிலர் உருப்படியான இன்னொரு வேலையும் செய்தார்கள். டைட்டன் நெட்வொர்க் என்ற ரசிகர் குழு, உங்கள் கேரக்டரின் விவரங்களை உங்கள் கம்ப்யூட்டரிலேயே ஃபைலாகச் சேமிக்க ஒரு புரோகிராம் தந்தது. எதற்குப் பயன்படும் என்று யாருக்கும் தெரியாமலேயே சேமித்தார்கள்.

நவம்பர் 30-ல் நகரம் இருண்டது. பிறகுதான் நாம் முதலில் பார்த்த பாராகான் சாட் வந்தது.

2019 ஏப்ரலில் ஒரு குண்டு வெடித்தது. ஒரு சிறு குழு, அழைப்பு உள்ளவர்களுக்கு மட்டும், பல வருடங்களாக ரகசிய சர்வர் நடத்திவந்தது தெரியவந்தது. காலித் தெருவில் நின்று பேசிக்கொண்டிருந்தவர்களின் கோபத்தைச் சொல்ல வேண்டுமா? அதன் பிறகு சோர்ஸ் கோட் வெளியில் வந்தது. பல குழுக்கள் சர்வர் தொடங்கின. அவற்றில் பெரியது 'ஹோம்கமிங்'. தன்னார்வலர்கள் நன்கொடையில் நடத்துகிறார்கள், சந்தா இல்லை. 2024 ஜனவரியில் என்சிசாஃப்ட் இவர்களுக்கு முறைப்படி உரிமம் தந்தது. ஒரு நிறுவனம் மூடிய கேமை ரசிகர்கள் அதே நிறுவனத்தின் அனுமதியோடு நடத்துவது அபூர்வம்!

நான் இந்த நகரத்துக்குள் முதலில் நுழைந்தது 2020 லாக்டவுனில்தான். எந்த பட்டன் எதற்கு என்று தெரியாமல் சிலைக்குக் கீழே விழித்துக்கொண்டு நின்றேன். யாரோ ஒருவர் வந்தார். கேட்காமலே கொஞ்சம் கேம் பணம் அனுப்பினார். "புதுசா? வாங்க, ஒரு மிஷன் போகலாம்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி. அவரோடு சேர்ந்ததும் என் லெவல் தானாக உயர்ந்தது. அவர் யார், எந்த ஊர், எதுவும் தெரியாது.

நமக்கு என்ன பாடம்?

நீங்கள் எந்த ஆன்லைன் கேம் விளையாடினாலும் இவற்றை நினைவில் வையுங்கள்.

1. வசதி கேட்கும்போது தீர்வை மட்டும் கேட்காதீர்கள், பிரச்னையையும் சொல்லுங்கள். "லெவலை எடுத்துவிடுங்கள்" என்பதைவிட "என் நண்பனோடு விளையாட முடியவில்லை" என்பது புரோகிராமருக்கு அதிகம் உதவும். சைட்கிக் போன்ற யோசனை அங்கிருந்துதான் பிறக்கும்.

2. உங்கள் கேரக்டர் இருப்பது நிறுவனத்தின் சர்வரில். 'ஐ அக்ரீ' என்று க்ளிக் செய்யும்போது பெரும்பாலும் இதைத்தான் ஒப்புக்கொள்கிறீர்கள். பணம் செலவழிக்கும் முன் யோசியுங்கள்.

3. ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். உடை, கேரக்டர் விவரங்களை ஃபைலாகச் சேமிக்கும் வசதி இருந்தால் இன்றே சேமியுங்கள்.

4. நெருங்கிய நண்பர்கள் கிடைத்தால் கேமுக்கு வெளியேயும் தொடர்புக்கு ஒரு வழி வைத்துக்கொள்ளுங்கள். சர்வர் நின்றால் ஃபிரெண்ட்ஸ் லிஸ்ட்டும் போய்விடும்.

நாலாவதை மட்டுமாவது மறக்காதீர்கள். கேப், என்ஹான்ஸ்மென்ட் எல்லாவற்றையும் பிறகு யாராவது திரும்ப எழுதிக்கொள்ளலாம். பாராகான் சிட்டியில் அதுதான் நடந்தது. எழுத ஆட்கள் மிஞ்சி இருந்ததால் நடந்தது.