பித்தளைக்கு மூச்சு கொடுக்கும் தெரு

ஹவுரா பாலத்தில் தொடங்கி சியால்தா ரயில் நிலையம் வரை போகிறது கொல்கத்தாவின் மகாத்மா காந்தி ரோடு. பழைய பெயர் ஹாரிசன் ரோடு. இந்த ரோட்டில் சித்தரஞ்சன் அவென்யூ சந்திப்பிலிருந்து காலேஜ் தெரு நோக்கி நடந்தால், வரிசையாகச் சில கடைகள் கண்ணில் படும். அங்கே அரிசி, பருப்பு கிடையாது. துணிமணி கிடையாது. சுவரில் தொங்குபவை எல்லாம் பித்தளை வாத்தியங்கள்!

ஒவ்வொரு கடையும் ஒரு பாண்டு வாத்தியக் கோஷ்டியின் அலுவலகம். "மெஹ்பூப் பாண்டு" போன்ற பெயர்கள் நகரத்துக்கே தெரிந்தவை. கார்னெட், டிரம்பெட், யூபோனியம், உடம்பைச் சுற்றி மாட்டிக்கொள்ளும் பெரிய சூசாபோன் என்று சின்னதும் பெரிதுமாக வாத்தியங்கள். பக்கத்திலேயே சரிகை வைத்த சிவப்புச் சட்டைகள், தொப்பிகள். முகூர்த்த காலம் வந்துவிட்டால் கல்யாண வீட்டார் வந்து பேரம் பேசி, முன்பணம் கொடுத்து நாள் குறித்துக்கொண்டு போவார்கள்.

இந்த வாத்தியங்களில் சில, வாசிப்பவரின் தாத்தா காலத்தவை. லண்டன் முத்திரையோடு கப்பலில் வந்தவையும் உண்டு. வெளிநாட்டில் இப்படிப்பட்ட பழைய கார்னெட் கிடைத்தால் கண்ணாடிப் பெட்டியில் வைத்து அழகு பார்ப்பார்கள். கொல்கத்தாவில் அது இன்றும் மாப்பிள்ளை ஊர்வலத்தில் சினிமாப் பாட்டு வாசித்து, நாலு குடும்பத்துக்குச் சோறு போடுகிறது.

மூன்று விசை செய்த மாயம்

கார்னெட் என்பது டிரம்பெட்டுக்குத் தம்பி மாதிரி. இரண்டுக்கும் குழாயின் நீளம் ஏறக்குறைய நாலரை அடிதான். கார்னெட்டில் அதை நெருக்கமாகச் சுருட்டியிருப்பார்கள். குழாயும் வாய்ப்பக்கத்திலிருந்து படிப்படியாக விரிந்துகொண்டே போகும். அதனால் டிரம்பெட்டின் கூர்மைக்குப் பதில் இதில் ஒரு குழைவு இருக்கும்.

நம் கோயில்களில் ஊதும் கொம்பு, எக்காளம், திருச்சின்னம் எல்லாம் இதே ஜாதிதான். உதடு அதிர வேண்டும். அந்த அதிர்வைக் குழாய் பெரிதாக்க வேண்டும். ஆனால் வெறும் குழாயில் சில ஸ்வரங்களுக்கு மேல் பேசாது. இந்தக் குறையைத் தீர்த்தது ஜெர்மனியில் பிறந்த விசை. ஸ்டோல்செல், புளூமல் என்ற இருவர் 1818-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார்கள். அடுத்த சில ஆண்டுகளில் பாரிஸ் நகரில், தபால் வண்டிக்காரர்கள் ஊதும் கொம்பில் இந்த விசையைப் பொருத்தினார்கள். கார்னெட் பிறந்தது!

விசைகள் மூன்று. நடுவிசையை அழுத்தினால் அரை ஸ்வரம் இறங்கும். முதல் விசையில் ஒரு ஸ்வரம். மூன்றாவதில் ஒன்றரை. இந்த மூன்றையும் சேர்த்தும் பிரித்தும் அழுத்தி, உதட்டையும் இறுக்கித் தளர்த்தினால் எல்லா ஸ்வரமும் கைக்கு வந்துவிடும். கமகம் மட்டும் விசையில் இல்லை. விசையைப் பாதி அழுத்தியும், உதட்டை நெகிழ்த்தியும் அதை வரவழைக்க வேண்டும். ஹிந்திப் பாட்டின் நெளிவு சுளிவுகளை வாசிக்கும் பாண்டுக்காரரின் திறமை அங்கேதான் தெரியும்.

கோட்டையிலிருந்து கல்யாண வீட்டுக்கு

வில்லியம் கோட்டையில் இருந்த வெள்ளைக்காரப் பட்டாளங்களோடு இந்த வாத்தியங்கள் கல்கத்தாவுக்கு வந்தன. ஈடன் தோட்டத்தில் மேடை போட்டு மாலை வேளைகளில் பாண்டு வாசிப்பார்கள். ஜமீன்தார்களுக்கும் பெரிய வியாபாரிகளுக்கும் அதில் மோகம் பிறந்தது. கல்யாணம், பூஜை எதற்கும் பாண்டு வைப்பது கௌரவமாயிற்று.

சத்யஜித் ராயின் "பதேர் பாஞ்சாலி" படம் (1955) பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். வங்காளக் கிராமத்துக் கல்யாணத்தில் ஒரு பாண்டு கோஷ்டி "டிப்பரேரி" என்ற ஆங்கிலப் பாட்டை வாசிக்கும். முதல் உலகப் போரில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பாடி நடந்த பாட்டு அது. மூங்கில் தோப்புக்கு நடுவே அது எப்படி வந்தது என்று அந்த ஊரில் யாரும் கேட்கவில்லை!

தமிழனுக்கும் இது புதிதல்ல. 1798 முதல் 1832 வரை தஞ்சையை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர் அரண்மனையில் மேனாட்டு பாண்டு வைத்திருந்தார். முத்துஸ்வாமி தீட்சிதர், கும்பெனி பாண்டு வாசித்த மெட்டுகளுக்கு சமஸ்கிருத சாகித்தியம் செய்தார். அவைதான் "நோட்டு ஸ்வரங்கள்". தேர்த் திருவிழாவா, மாதா கோயில் திருநாளா, சாவு ஊர்வலமா, நம் ஊரில் எல்லாவற்றுக்கும் "பேண்டு செட்" உண்டு.

பிரஸ்ஸல்ஸ் போன வாத்தியங்கள்

வாத்தியம் சேகரிப்பதிலும் கல்கத்தாவுக்குப் பெரிய பெயர் உண்டு. பாதுரியாகாட்டா தாகூர் குடும்பத்தைச் சேர்ந்த ராஜா சௌரீந்திர மோகன் தாகூர் (1840-1914) 1871-ல் இங்கே சங்கீதப் பள்ளி தொடங்கியவர். இந்திய வாத்தியங்களைத் திரட்டி வெளிநாடுகளுக்கு அன்பளிப்பாக அனுப்பினார். 1876-ல் பெல்ஜியம் மன்னர் இரண்டாம் லியோபோல்டுக்கு ஏறக்குறைய நூறு வாத்தியங்கள் போயின. பிரஸ்ஸல்ஸ் நகரின் வாத்திய மியூசியத்துக்கு அவை அஸ்திவாரம் ஆயின.

அந்த மியூசியத்தின் முதல் காப்பாளர் விக்டர் மஹியோன். அவர் யார் தெரியுமா? ஊதும் வாத்தியங்கள் செய்யும் தொழிற்சாலைக் குடும்பத்தில் பிறந்தவர்! வாத்தியங்களைத் தோல், துளை, நரம்பு, கஞ்சம் என்று நாலாகப் பிரிக்கும் நம் பழைய முறையைப் போலவே அவரும் உலக வாத்தியங்களை நாலு வகையாகப் பிரித்தார். பிற்பாடு 1914-ல் ஹார்ன்போஸ்டல், சாக்ஸ் என்ற இருவர் அதை விரிவாக்கினார்கள். இன்றும் உலகம் முழுக்க மியூசியங்களில் அதுதான் வழக்கம்.

கல்கத்தாவிலிருந்து வீணையும் சாரங்கியும் ஐரோப்பா போய்க் கண்ணாடிக்குள் பத்திரமாயின. ஐரோப்பாவிலிருந்து கார்னெட் கல்கத்தா வந்து தெருவில் இறங்கி உழைக்க ஆரம்பித்தது.

பழசை அடையாளம் காண்பது எப்படி?

பழைய கார்னெட் வாங்க ஆசைப்படுகிறவர் முதலில் பார்ப்பது முத்திரையை. பூசி, பெசன், ஹாக்ஸ் ஆகிய லண்டன் கம்பெனிகளின் பெயர் பூவாய்ப் பகுதியில் செதுக்கியிருக்கும். பூசியும் ஹாக்ஸும் 1930-ல் ஒன்றாயின. ஆகவே ஒரே ஒரு பெயர் தனியாக இருந்தால் வாத்தியம் பெரும்பாலும் அதற்கு முந்தியது. விசைப் பகுதியில் உள்ள வரிசை எண்ணைக் கொண்டு செய்த ஆண்டையும் ஓரளவு கண்டுபிடிக்கலாம்.

அடுத்தது விசை. எதையும் அழுத்தாமல், ஒரு விசைக்குரிய சிறு குழாயை மெல்ல வெளியே இழுக்க வேண்டும். பிறகு அந்த விசையை அழுத்தினால் "பக்" என்று சத்தம் வர வேண்டும். வந்தால் காற்று கசியவில்லை என்று அர்த்தம். சத்தமே இல்லை என்றால் விசை தேய்ந்துவிட்டது. மறுபடி முலாம் போட்டுக் கடைந்தாக வேண்டும்.

மூன்றாவது, செம்புள்ளிகள். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் சேர்ந்தது. மூச்சின் ஈரம் உள்ளே தங்கினால் துத்தநாகம் கரைந்து வெளியேறும். மிஞ்சும் செம்பு, குழாயின் மேல் சிவப்புப் பொட்டாகத் தெரியும். அது வந்த குழாய் உள்ளிருந்து அரிக்கப்பட்டது. கொல்கத்தாவின் புழுக்கத்தில், ஊதி முடித்துத் தண்ணீரை வடிக்காமல் மூடி வைத்தால் நோய் சீக்கிரம் வரும்.

இன்னொரு சங்கதி சுருதி. பழைய பிரிட்டிஷ் பாண்டு வாத்தியங்கள் இன்றைய சுருதியைவிடச் சற்றுத் தூக்கலாகச் செய்யப்பட்டவை. இன்று ஆதார ஸ்வரத்துக்கு வினாடிக்கு 440 அதிர்வு; அன்று ஏறக்குறைய 452. அரை ஸ்வரத்தில் பாதி வித்தியாசம்! புது டிரம்பெட்டோடு சேர்த்து வாசித்தால் காது கூசும். சுருதிக் குழாயை வெளியே இழுத்துச் சரிக்கட்டுவார்கள். இழுத்தும் போதாவிட்டால் நடுவில் ஒரு துண்டுக் குழாய் செருகுவார்கள்.

தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கினால் விலை கூடும் என்று நினைப்பது தவறு. முத்திரை தேய்ந்து போனால் சேகரிப்பவர் கண்ணில் பாதி மதிப்பு போயிற்று. ஆனால் கல்யாண ஊர்வலத்துக்கு மங்கிய பித்தளை ஆகாதே! அதனால் இந்தத் தெருவின் வாத்தியங்களில் முத்திரை தங்குவது கடினம்.

புதிது வாங்க வேண்டுமானால் பாண்டுக்காரர் நாடுவது உத்தரப் பிரதேசத்து மீரட் நகரம். அங்கே ஜாலி கோட்டி என்ற பகுதியில் தெரு முழுக்கப் பித்தளை வாத்தியப் பட்டறைகள். 1885-ல் தொடங்கிய நாதிர் அலி கம்பெனி அதில் பேர் போனது.

ஊதுபவர் யார்?

பாண்டு முதலாளி ஒருவர், வாசிப்பவர் வேறொருவர். பலர் பீகார் கிராமங்களிலிருந்து முகூர்த்த காலத்துக்கு மட்டும் வருகிறார்கள். மற்ற மாதங்களில் வயல் வேலை, கூலி வேலை. கடைப் பெஞ்சும் மாடியறையும்தான் வீடு. வட இந்தியா முழுவதும் இதே ஏற்பாடுதான் என்று நியூசிலாந்தின் ஆக்லாந்து பல்கலைக்கழகப் பேராசிரியர் கிரெகரி பூத் 2005-ல் "பிராஸ் பாஜா" என்ற புத்தகமே எழுதியிருக்கிறார்.

வங்காளிகளுக்குப் பௌஷ் மாதத்தில் கல்யாணம் கிடையாது. அது நம் மார்கழி. சைத்ர மாதமும் பாத்ர மாதமும் ஆகாது. அவை நம் பங்குனி, ஆவணிக்குச் சரியாக வரும். மார்வாடி, பீகார் குடும்பங்களுக்கும் அவரவர் கணக்கு உண்டு. மிஞ்சும் முகூர்த்த நாட்களில்தான் வருஷத்துச் சம்பாத்தியம் முழுவதும். ஊர்வலம் இரண்டு மணி நேரம் நகர்ந்தால் இரண்டு மணி நேரமும் ஊத வேண்டும். உதடு வீங்கும், சிலருக்குக் கிழியும்.

நோட்டுப் புத்தகம் பார்த்து வாசிப்பவர் சொற்பம். கேட்டுக் கேட்டுப் பிடிப்பதே பழக்கம். புதுப் படம் வந்தால் அந்தப் பாட்டு அடுத்த முகூர்த்தத்துக்குள் தயாராக வேண்டும். தகப்பனிடம் மகன் கற்றுக்கொண்ட வித்தை இது. இன்று மகன்கள் வேறு வேலைக்குப் போகிறார்கள்.

எடைக்குப் போகும் ஆபத்து

ஒரு வண்டியில் ஜெனரேட்டரும் பெரிய ஒலிபெருக்கிகளும் ஏற்றி வரும் "டி.ஜே." வந்த பிறகு, இருபது பேர் ஊதும் பாண்டுக்கு மவுசு குறைந்துவிட்டது. 2020-ல் கொரோனா ஊரடங்கு வந்தது. ஊர்வலமே இல்லை என்றான போது இந்தத் தெரு ஊமையாயிற்று.

வாசிக்க ஆள் இல்லாத வாத்தியம் என்ன ஆகும்? சேகரிப்பவர் கையில் சேர்ந்தால் பிழைக்கும். ஆனால் பழைய பித்தளைக்கு எப்போதும் விலை தரத் தயாராக இருப்பவர் காயலான் கடைக்காரர்! கார்னெட் ஒன்று ஏறக்குறைய ஒரு கிலோ. தராசில் வைத்தால் அதன் வயதும் தெரியாது, ஊரும் தெரியாது.

கண்ணாடிப் பெட்டி வாத்தியத்தைக் காப்பாற்றும். வாசிப்பைக் காப்பாற்றாது. பாதி விசையில் கமகம் பிடிக்கும் அந்தச் சூட்சுமம் எந்த மியூசியத்திலும் இல்லை. அது ஒரு பாண்டுக்காரரின் உதட்டிலும் விரலிலும் இருக்கிறது. அவருக்கு வேலை இருக்கும் வரைதான் அதற்கும் ஆயுள்.

லேக் மார்க்கெட் பக்கத்துத் தமிழர்களுக்கு இதில் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ஜானவாசம் என்றால் திறந்த காரும் பாண்டு வாத்தியமும் என்பது நம் வீடுகளில் பழைய வழக்கம். தாலி கட்டும் நேரத்துக்கு நாதஸ்வரம் இருக்கட்டும். முந்தின நாள் மாப்பிள்ளை அழைப்புக்கு, மகாத்மா காந்தி ரோடு வரை ஒரு நடை போய்வரலாமே!