பட்டா எங்கே என்று கேட்கும் வங்கி

ஆம்பூரை ஒட்டிய காலனி ஒன்றில் காலை பதினொரு மணிக்கு நுழைந்தால், திண்ணைக்குத் திண்ணை பெண்கள் தோல் தைத்துக்கொண்டிருப்பதைப் பார்க்கலாம். வெட்டிய தோல் துண்டுகளை ஏஜென்ட் மூட்டையாகக் கொண்டுவந்து போடுகிறார். ஷூவின் மேல்பகுதி அது, 'அப்பர்' என்பார்கள். மாலையில் எண்ணிப் பார்த்து எடுத்துக்கொண்டு போய்விடுவார். அந்த ஷூ எந்த நாட்டில், என்ன விலைக்கு விற்கிறது என்பது திண்ணைக்குத் தெரியாது. நாங்கள் பேசிய பெண்களில் பலருக்கு ஒரு ஜோடிக்குப் பத்து ரூபாய்கூடக் கிடைத்ததில்லை. விரலில் ஊசி ஏறினால் அன்றைய கூலி போச்சு.

அந்தத் தெருவில் உள்ள ஒரு அக்காவைப் பற்றித்தான் இந்த வாரம் எழுதுகிறோம். பெயர் வேண்டாம் என்றார். அடுத்த கடனுக்கும் அதே வங்கிக்குத்தான் போக வேண்டும் என்பது அவர் சொன்ன காரணம். திருமணத்துக்கு முன் ஐந்து வருடம் தொழிற்சாலையில் தையல் பிரிவில் இருந்தவர். போஸ்ட்பெட் மெஷினில் உட்கார்ந்தால் வளைவு பிசகாமல் தைப்பார். பிள்ளைகள் பிறந்தபின் வேலையை விட்டார், திண்ணைக்கு வந்தார். பதினாறு வருடம் கைத்தையல். "ஏஜென்ட் இன்னா பண்றாரும்மா? கம்பெனிக்கும் நமக்கும் நடுவுல மூட்டை தூக்கறாரு, அவ்ளோதான். அத நம்பளே தூக்கினா இன்னா?" என்று ஒருநாள் எங்களிடம் கேட்டார். அந்தக் கேள்வியில் தொடங்கியது எல்லாம்.

கணக்கு போட்டோம். போஸ்ட்பெட் மெஷின் இரண்டு, சாதாரண தையல் மெஷின் ஒன்று, தோலின் ஓரத்தைச் சீவி மெலிதாக்கும் ஸ்கைவிங் மெஷின் ஒன்று. மேசை, ஒயரிங், முதல் இரண்டு மாதக் கூலிக்குக் கையில் கொஞ்சம் பணம். மொத்தம் 4,80,000 ரூபாய் வந்தது. பழைய மெஷின் பாதி விலைக்குக் கிடைக்கும், தொழிலில் உள்ளவர்கள் அதைத்தான் வாங்குகிறார்கள். ஆனால் கடனுக்குப் போனால் ஜிஎஸ்டி எண்ணோடு டீலர் கொட்டேஷன் வேண்டும், எனவே புது மெஷின்தான்.

தாட்கோவில் முதலமைச்சரின் ஆதிதிராவிடர், பழங்குடியினர் சமூகப் பொருளாதார மேம்பாட்டுத் திட்டம் இருக்கிறது. திட்டச் செலவில் 35 சதவீதம் மானியம், உச்சவரம்பு 3.5 லட்சம். வட்டியிலும் 6 சதவீதம் சலுகை. அக்காவின் கணக்குக்கு மானியம் 1,68,000. மீதி 3,12,000 ரூபாயை வங்கி கடனாகத் தர வேண்டும். நேர்காணல் நடந்தது, பரிந்துரையும் வங்கிக் கிளைக்குப் போனது. அதுவரை எல்லாம் ஒழுங்காக நடந்தது என்றே சொல்ல வேண்டும்.

ஊரில் பலருக்கும் இந்த இடம் புரிவதில்லை. மானியம் என்றால் அரசு கையில் கொடுக்கும் பணம் என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வங்கி கடனுக்கு ஒப்புதல் தந்தால்தான் மானியம் நகரும். கடன் இல்லையென்றால் மானியமும் இல்லை. கோட்டையில் அறிவித்த திட்டத்தின் சாவி, கடைசியில் ஒரு கிளை மேலாளரின் மேசையில் கிடக்கிறது.

அந்த மேசைக்கு முன்னால் அக்கா ஏழு முறை நின்றார். முதல் இரண்டு முறை, "சார் மீட்டிங்ல இருக்காரு." மூன்றாவது முறை, "வீட்டுக்காரர் வரலையா?" நான்காவது முறை, "பட்டா உங்க பேர்ல இருக்கா?" அடுத்து, "கவர்மென்ட் வேலைல இருக்கறவங்க யாராவது ஜாமீன் போடுவாங்களா?" அதற்கும் அடுத்து, "ஒரு லட்சம் டெபாசிட் போடுங்க, பார்க்கலாம்." ஒரு லட்சம் கையில் இருப்பவர் ஏன் திண்ணையில் உட்கார்ந்து தோல் தைக்கப் போகிறார்? ஏழாவது முறைதான் உண்மை வெளியே வந்தது. "உங்க ஆளுங்க மானியத்த வாங்கினு போயிடுவாங்கம்மா. அப்புறம் நான்தான் பதில் சொல்லணும்."

'உங்க ஆளுங்க.' அக்கா அந்த இரண்டு சொல்லை எங்களிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். பதினான்கு வருடம் மகளிர் குழுவில் ஒரு தவணை தவறாதவர் அவர். குழுவின் பொருளாளரும் அவர்தான். அந்தக் குழுவின் கணக்கும் அதே கிளையில்தான் இருக்கிறது. பத்து பெண்கள் சேர்ந்து வந்தால் நம்பும் வங்கி, அதில் ஒருத்தி தனியாக வந்தால் ஏன் நம்ப மறுக்கிறது?

1989இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுயஉதவிக் குழுக்கள் நம் பெண்களை வங்கிப் படியேற வைத்தன. அதை நாங்கள் குறைத்துச் சொல்ல மாட்டோம். ஆனால் குழுக்கடனில் ஒருவர் பங்குக்கு வருவது இருபதாயிரமோ ஐம்பதாயிரமோதான். ஒரு மாடு வாங்கலாம், ஒரு தையல் மெஷின் வாங்கலாம். நாலு பேருக்கு வேலை கொடுக்கும் தொழிலுக்கு அது போதாது. மேலே போனால் ஸ்டாண்ட் அப் இந்தியா இருந்தது. 2016இல் வந்த ஒன்றிய அரசுத் திட்டம். ஒவ்வொரு வங்கிக் கிளையும் பட்டியல் சாதி அல்லது பழங்குடியைச் சேர்ந்த ஒருவருக்காவது, பெண் ஒருவருக்காவது கடன் தர வேண்டும் என்றது. கேட்க நன்றாக இருந்தது. ஆனால் அதன் தொடக்கத் தொகையே 10 லட்சமாக இருந்தது, தொழிலும் புதிதாக இருக்க வேண்டியிருந்தது. ஐந்து லட்சம் கேட்பவருக்கு அங்கே இடமிருக்கவில்லை. ஏற்கெனவே சின்னதாகத் தொழில் செய்து அதைப் பெரிதாக்க நினைப்பவருக்கும் இருக்கவில்லை. ஐம்பதாயிரத்துக்கும் பத்து லட்சத்துக்கும் நடுவில் ஒரு பள்ளம். நம் பெண்களில் பெரும்பாலோர் அந்தப் பள்ளத்தில்தான் நிற்கிறார்கள். வாரத் தவணைக்காரர்கள் பைக்கில் வருவதும் அந்தப் பள்ளத்துக்குள்தான்.

பட்டாவுக்கு வருவோம். அக்காவிடம் ஏன் பட்டா இல்லை? அவர் சோம்பேறி என்பதாலா?

1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர், ஒடுக்கப்பட்ட மக்களின் நிலை பற்றி அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். நிலமில்லாமையே அவர்களுடைய அடிமைத்தனத்தின் வேர் என்று அது காட்டியது. அதைத் தொடர்ந்து 1892இல் வந்த ஆணைப்படி பிரித்துக் கொடுக்கப்பட்டவையே பஞ்சமி நிலங்கள். சென்னை மாகாணம் முழுவதும் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பார்கள். முதல் பத்தாண்டுகள் யாருக்கும் விற்கக் கூடாது, அதன்பிறகு விற்றாலும் ஒடுக்கப்பட்ட வகுப்பினருக்குத்தான் விற்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்த நிலம் இன்று யார் கையில் இருக்கிறது என்று நாங்கள் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதைத் திரும்பக் கேட்ட காரணை மக்கள் 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் துப்பாக்கிக் குண்டுகளைச் சந்தித்தார்கள். ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தார்கள்.

பெண்களுக்குச் சொத்தில் சம பங்கு என்று 1989இல் தமிழ்நாடு சட்டம் செய்தது. பங்கு பிரிக்க நிலம் இருந்தால்தானே? அக்காவின் மாமியார் பெயரில் இருப்பது ஆதிதிராவிடர் நலத்துறை கொடுத்த இலவச மனைப்பட்டா, மூன்று சென்ட். நிபந்தனைப் பட்டா. கிராமக் கணக்கில் இன்னும் ஏறவில்லை. அதை எடுத்துப்போய் நீட்டினால் வங்கியில், "இது செல்லாதும்மா" என்கிறார்கள். அரசு கொடுத்த காகிதத்தை வங்கி காகிதமாகவே மதிப்பதில்லை. தாத்தாவிடம் பிடுங்கிய நிலத்தைப் பேத்தியிடம் வந்து அடமானம் கேட்பது என்ன நியாயம்?

இந்தக் கேள்வியோடுதான் நாங்கள் ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கைகளைத் தேடிப் படித்தோம். தமிழ் படித்த எங்களுக்கு அந்த ஆங்கிலம் சங்கப்பாட்டை விடக் கடினம். எங்கள் நண்பரின் மகள், பி.காம். மூன்றாமாண்டு மாணவி, உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகச் சொன்னாள். கிடைத்தவை இவை.

சிறு, குறு தொழில்களுக்கான 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு வங்கிகள் சொத்து அடமானம் கேட்கக் கூடாது. 2010இலிருந்து இது உத்தரவு. கடன் திரும்பாமல் போனால் வங்கியின் இழப்பை ஈடுகட்டவே 2000ஆம் ஆண்டிலிருந்து ஒரு கடன் உத்தரவாத அறக்கட்டளை இருக்கிறது. இது எல்லாச் சாதியினருக்கும் பொருந்தும்.

இன்னொன்று நமக்கென்றே உள்ளது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் தரும் கடன் விண்ணப்பத்தைக் கிளை மேலாளர் தாமே நிராகரிக்க முடியாது. நிராகரிப்பதாக இருந்தால் அவருக்கு மேலே உள்ள அலுவலகம்தான் நிராகரிக்க வேண்டும், காரணத்தையும் தெளிவாக எழுத வேண்டும். அரசுத் திட்டக் கடனுக்கு டெபாசிட் போடச் சொல்லி வற்புறுத்தவும் கூடாது. அதாவது, அக்காவிடம் ஏழு முறை வாய்மொழியாகச் சொன்ன 'இல்லை'க்கு, சொன்னவருக்கே அதிகாரம் இல்லை.

படித்து முடித்ததும் எங்களுக்குக் கோபம் வந்தது, வங்கி மீது மட்டுமல்ல. இருபது வருடமாக மேடையேறிப் பேசுகிறோம், இந்த நான்கு வரியை எந்த மேடையிலும் நாங்கள் சொன்னதில்லை. அம்பேத்கர் படத்துக்கு மாலை போடுகிறோம். அவர் லண்டனில் ஆராய்ந்தது ரூபாயைப் பற்றி, அந்த நூல் 1923இல் வெளிவந்தது. பணம் எப்படி நகர்கிறது என்று அத்தனை நுணுக்கமாகப் பார்த்தவரின் பிள்ளைகள் நாம், வங்கிச் செலான் எழுதவே பக்கத்தில் நிற்பவரைத் தேடுகிறோம்.

பிறகு அக்கா ஒரு கடிதம் கொடுத்தார். ஒரே பக்கம். விண்ணப்பம் கொடுத்த நாள், தாட்கோ பரிந்துரை எண், வங்கிக்கு வந்து போன ஏழு தேதிகள். கடைசியில் ஒரு வேண்டுகோள்: 'என் விண்ணப்பத்தை ஏற்கவில்லையென்றால், உரிய மேல் அலுவலகத்தின் ஒப்புதலோடு காரணத்தை எழுத்தில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.' ஒரு நகல் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளருக்கு, ஒரு நகல் திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்துக்கு. வங்கியில் கொடுத்த கடிதத்துக்கு முத்திரை போட்டு ஒப்புகை வாங்கினோம், அதற்கே அரைமணி நேரம் நிற்க வேண்டியிருந்தது. முப்பது நாளில் பதில் வரவில்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், அதற்குக் கட்டணம் கிடையாது. அதுவரை போக வேண்டியிருக்கவில்லை. ஒன்பதாம் நாள் வங்கியிலிருந்து போன் வந்தது. "மேடம், கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா?" என்றார்களாம். "ஏம்மா மேடமாயிட்டேன்!" என்று அக்கா சிரித்தார்.

இத்தோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எங்களுக்கும் ஆசைதான். கேட்டது 4,80,000 ரூபாய்த் திட்டம், ஒப்புக்கொண்டது 3,00,000. நான்கு மெஷின் கேட்ட இடத்தில் இரண்டு. விண்ணப்பத்திலிருந்து பணம் வரப் பதினொரு மாதம் ஆனது. அதற்குள் வேலை தருகிறேன் என்ற கம்பெனி அதை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டது. ஊர்த்தெருவில் சாலையோரம் காலியாக இருந்த ஒரு கடையை வாடகைக்குக் கேட்டார். முன்பணமெல்லாம் பேசி முடித்தபின், "எந்தத் தெரும்மா நீங்க?" என்று வந்தது கேள்வி. மறுநாள், "எங்க சொந்தக்காரங்களே கேக்கறாங்க." கடைசியில் வீட்டுக்குப் பக்கத்திலேயே தகரக் கொட்டகை போட்டார். தொழிலுக்குத் தனி மின் இணைப்பு கேட்கப் போனால் அங்கும் அதே கேள்வி: மனைக்குக் காகிதம் எங்கே?

தோல் தைப்பவருக்கே இப்படி. சமைத்து விற்கும் பெண்களுக்கு இன்னும் கடினம். 2018இல் அவிநாசி அருகே ஒரு அரசுப் பள்ளியில் தலித் பெண் ஒருவர் சத்துணவு சமைக்கக் கூடாது என்று ஊரார் திரண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அரசு வேலையில் இருப்பவர் கைச்சோற்றுக்கே அந்த நிலை என்றால், மெயின் ரோட்டில் இட்லிக்கடை போட நினைப்பவர் என்ன திட்ட அறிக்கை எழுதுவார்? 'வாடிக்கையாளர்கள்' என்ற கட்டத்தில் எதை நிரப்புவார்? காலனிக்குள்ளேயே கடை போட்டால் வருமானம் காலனியின் கூலியைத் தாண்டாது. இதற்கு எந்தச் சுற்றறிக்கையிலும் பதில் இல்லை.

மகாராஷ்டிரத்தின் கல்பனா சரோஜை உதாரணம் காட்டுவார்கள். பன்னிரண்டு வயதில் திருமணம் செய்துவைக்கப்பட்டவர், தையல் வேலையில் தொடங்கி, நொடித்துப்போன கமானி டியூப்ஸ் நிறுவனத்தைத் தூக்கி நிறுத்தி, 2013இல் பத்மஸ்ரீ பெற்றவர். பெருமையாகத்தான் இருக்கிறது. ஆனால் அவர் படத்தைப் போட்டு, 'முயன்றால் முடியும்' என்று எழுதுகிறவர்கள், அவரும் தொடக்கத்தில் ஓர் அரசுத் திட்டக் கடனோடுதான் கடை வைத்தார் என்பதை எழுதுவதில்லை. முயற்சி நம் பெண்களிடம் எப்போதும் இருந்தது, கடன்தான் இல்லை.

கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேலை சொல்கிறோம். உங்கள் தெருவில் யார் எந்த வங்கியில் கடன் கேட்டார்கள், எத்தனை முறை அலைந்தார்கள், என்ன பதில் வந்தது என்று ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். கடிதம் எழுதத் தெரியாத அத்தைக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள். திட்ட அறிக்கை போட்டுத் தருகிறேன் என்று மானியத்தில் பங்கு கேட்கும் புரோக்கரிடம் அவரைப் போக விடாதீர்கள். பி.காம். படித்த பிள்ளை ஒரு மாலையில் அதைப் போட்டுவிடலாம்.

அக்காவின் கொட்டகையில் இப்போது இரண்டு மெஷின் ஓடுகிறது. நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். ஒரு ஜோடிக்கு என்ன விலை என்பதைக் கம்பெனியிடம் அவரே நேரில் பேசுகிறார், அதைச் சுவரில் எழுதியும் போட்டிருக்கிறார். தவணை இதுவரை தவறவில்லை. ஸ்கைவிங் மெஷினுக்கு அடுத்த விண்ணப்பம் தயாராகிறது.

அந்த மாணவி தமிழில் எழுதித் தந்த நான்கு வரியும், சுற்றறிக்கையின் ஜெராக்ஸும் அக்காவிடம்தான் இருந்தன. ரேஷன் கார்டு உறைக்குள் மடித்து வைத்திருந்தார். போன வாரம் இன்னொரு பிரதி எடுக்கலாம் என்று கேட்டோம். "இங்க ஏது? மாடு வாங்கறதுக்குப் பக்கத்து காலனிப் பொண்ணு வாங்கினு போச்சு. அதுகிட்டருந்து யார் வாங்கினு போனாங்களோ தெரியல," என்றார்.