சிறுநீரகம் சொல்லாததை இரத்தம் சொல்லும்

பல் கெட்டால் வலிக்கிறது. கண் சிவந்தால் உறுத்துகிறது. ஆனால் சிறுநீரகம் பழுதடையத் தொடங்கும்போது பெரும்பாலும் வலிப்பதேயில்லை. இறைவன் நமக்களித்த இரு சிறுநீரகங்களில் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 இலட்சம் நுண்வடிகட்டிகள் உள்ளன. சில கெட்டால் மற்றவை அவற்றின் வேலையையும் சேர்த்துச் செய்துவிடுகின்றன. ஆகவே கேடு வெளியே தெரிவதில்லை.

பரம்பரையாக வரும் ஓர் அழற்சி நோய் இதற்குத் தக்க சான்றாகும். ‘குடும்ப மத்தியதரைக்கடல் காய்ச்சல்’ என்பது அதன் பெயர். துருக்கியர், ஆர்மீனியர், யூதர், அரபியர் ஆகியோரிடையே மிகுதியாகவும், நம் நாட்டில் அரிதாகவும் காணப்படுகிறது. இதற்குக் காரணமான மரபணு 1997-இல் கண்டறியப்பட்டது. காய்ச்சலும் வயிற்றுவலியும் மூட்டுவலியும் திடீரென வந்து, பெரும்பாலும் மூன்று நாட்களுக்குள் தாமாகவே நீங்கிவிடும். பிறகு அந்தப் பிள்ளை நம்மைப் போலவே ஓடியாடும். பள்ளிக்கு வர மனமின்றிப் பாசாங்கு செய்கிறாள் என்று பிறர் எண்ணவும் கூடும்!

ஆனால் உள்ளே நடப்பது வேறு. அழற்சியின்போது கல்லீரல் ‘சீரம் அமிலாய்டு ஏ’ என்னும் புரதத்தை மிகுதியாக உண்டாக்குகிறது. மருத்துவமின்றி ஆண்டுகள் கழிந்தால், அது சிறுநீரகத்தில் படிந்து அதைச் செயலிழக்கச் செய்யலாம். காய்ச்சலற்ற நாட்களிலும் இரத்தத்தில் இப்புரதம் மிகுந்திருந்தால், அழற்சி இன்னும் ஓயவில்லை என்று பொருள். சிறுநீரகம் பாதிக்கப்பட்டதைச் சிறுநீரில் கசியும் அல்புமின் முதலில் காட்டும்.

வழக்கமான கிரியாட்டினின் சோதனை மட்டும் போதாதா? போதாது. கிரியாட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு. ஒல்லியான பிள்ளைகளிடம் அது இயல்பாகவே குறைவு. சிறுநீரகத்தின் திறன் பாதியளவு குறைந்த பின்னும் அளவு சரியாகவே தோன்றலாம். ‘சிஸ்டாட்டின் சி’ என்னும் மற்றொரு புரதம் தசையை அவ்வளவாகச் சார்ந்ததன்று. ஆகவே சிறு குறைவையும் முன்னதாகவே காட்டக்கூடும்.

முன்னதாக அறிந்தால் காக்க வழி உண்டா? உண்டு. இந்நோய்க்குக் கால்ச்சிசின் என்னும் மருந்து பயன்படுவது 1972-இல் தெரியவந்தது. நாள்தோறும் தவறாது உட்கொண்டால், அது காய்ச்சலைத் தடுப்பதோடு சிறுநீரகத்தையும் காக்கிறது. நம் மாநில மலராகிய செங்காந்தளிலும் இப்பொருள் உண்டு. அதன் விதைக்காகவே தமிழ்நாட்டில் கண்வலிக்கிழங்கு பயிரிடப்படுகிறது. ஆனால் அச்செடி கொடிய நஞ்சு. மருத்துவர் அளந்து தரும் மாத்திரையே மருந்து.

நம் அம்மையார்குப்பத்து நெசவாளர்கள் இழை அறுந்தால் உடனே தறியை நிறுத்தி முடிச்சிடுவார்கள். சேலை முடியட்டும் என்று காத்திருப்பதில்லை. மேற்சொன்ன காய்ச்சல் நம் ஊருக்கு அரிது. ஆனால் சர்க்கரை நோயும் இரத்த அழுத்தமும் அரிதல்ல. அவையும் ஓசையின்றியே சிறுநீரகத்தைக் கெடுக்கின்றன. ஆகவே அந்நோயுள்ள நம் வீட்டுப் பெரியவர்களை ஆண்டுதோறும் இரத்தச் சோதனைக்கும் சிறுநீர்ச் சோதனைக்கும் அழைத்துச் செல்வோம். “எனக்குத்தான் வலியே இல்லையே!” என்பார்கள். வலி இல்லாததால்தான் அழைக்கிறோம் என்று அன்போடு எடுத்துச் சொல்வோம்.