புற்றுக்கட்டிக்கு எதிரான உள்ளார்ந்த நோயெதிர்ப்பு: எஸ்.ஆர்./சி.ஆர். எலிகள் உணர்த்துவன

முன்னுரை

ஆய்வக எலிகளுக்குப் புற்றணுக்களைச் செலுத்தி நோயை உண்டாக்கி ஆராய்வது புற்றுநோயியலில் நெடுநாளைய வழக்கம். எஸ்180 என்னும் சார்கோமா உயிரணுக்கள் எலியின் வயிற்றறையில் விரைந்து பெருகுவன. நீர்க்கோவை கண்டு மூன்று, நான்கு வாரங்களில் எலி இறந்துவிடும். 1999ஆம் ஆண்டு அமெரிக்காவின் வேக் ஃபாரஸ்ட் பல்கலைக்கழகத்தில், ஜெங் சூயின் ஆய்வகத்தில், ஓர் ஆண் எலி மட்டும் இதற்கு விலக்காக நின்றது. அளவைக் கூட்டிப் பலமுறை செலுத்தியும் அதற்குப் புற்று வளரவில்லை.

மரபும் வயதும்

இயல்பான பெண் எலிகளுடன் இணைத்தபோது, பிறந்த குட்டிகளுள் ஒரு பகுதி இதே ஆற்றலைப் பெற்றிருந்தது. எனவே இது மரபுவழி வரும் ஓங்கு பண்பு என 2003இல் வெளியான ஆய்வு உரைத்தது. இப்பண்பு வயதைச் சார்ந்தும் வேறுபட்டது. இளம் எலிகளில் புற்று தோன்றவே இல்லை. இது முழு எதிர்ப்பு. முதிர்ந்த எலிகளில் புற்று முதலில் வளர்ந்து, பின்னர் விரைவில் மறைந்தது. இது தன்னியல்பான பின்வாங்கல். எஸ்.ஆர்./சி.ஆர். என்னும் பெயர் இவ்விரு நிலைகளையும் குறிக்கும்.

செயற்படும் முறை

2006ஆம் ஆண்டு ஆய்வு இதன் இயக்கத்தைத் தெளிவாக்கியது. இயற்கைக் கொல்லி அணுக்கள், நியூட்ரோஃபில்கள், மேக்ரோஃபேஜ்கள் ஆகியன புற்றணுவைச் சூழ்ந்து ஒட்டிக்கொண்டு அதைச் சிதைக்கின்றன. தகவமை நோயெதிர்ப்பு பகையை அறிந்து பெருகச் சில நாள்கள் வேண்டும். இங்கோ முதல் தாக்குதலிலேயே விரைந்த எதிர்வினை நிகழ்கிறது.   இவ்வணுக்களுள் ஒவ்வொரு வகையும் தனித்தே கொல்லவல்லது.

இவ்வெலிகளின் மண்ணீரல், எலும்பு மஞ்சை அணுக்களைப் பெற்ற இயல்பான எலிகளும் பாதுகாப்புப் பெற்றன. முன்பே வளர்ந்திருந்த கட்டிகளும் அழிந்தன.

முடிவுரை

புற்றெதிர்ப்பை ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்கு மாற்ற இயலும் என்பதே இவ்வாய்வுகளின் பயன். எனினும், இப்பண்புக்குரிய மரபணுவை இவை இனங்காணவில்லை. மேலும், புறத்திலிருந்து செலுத்திய புற்றணுவும் சொந்த உடலில் மெல்லத் தோன்றி வளரும் புற்றும் ஒன்றல்ல. இவ்வேறுபாட்டைக் கருதாது எலியில் கண்டதை மனிதர்க்கு உரைப்பது பொருந்தாது.