உங்களுக்குத் தெரியுமா? நீண்ட வழியே சீக்கிர வழி!

2016 அக்டோபரில் ஏர் இந்தியாவின் டெல்லி–சான் பிரான்சிஸ்கோ விமானம் மேற்கே செல்லும் வழக்கமான அட்லாண்டிக் வழியை விட்டுக் கிழக்கே பசிபிக் மீது பறந்தது. பழைய வழி சுமார் 13,900 கி.மீ.; புதியது 15,300 கி.மீ. ஆனாலும் பதினான்கரை மணி நேரத்தில், ஏறத்தாழ 2 மணி நேரம் மிச்சமாகப் போய்ச் சேர்ந்தது! தூரத்தை வேகத்தால் வகுத்து நேரம் சொல்லும் கணக்கு இங்கேதான் தவறுகிறது. இரு விமான நிலையங்களின் அட்சரேகை, தீர்க்கரேகையிலிருந்து கிடைப்பது உருண்டைப் பூமியின் மேல் மிகக் குறுகிய வளைவு மட்டுமே. இவ்விரு நகரங்களுக்கு அது சுமார் 12,400 கி.மீ. விமானமோ காற்றுக்குள் பறக்கிறது, அந்தக் காற்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் ஜெட் காற்றோட்டம், கிழக்கே போகும் விமானத்தைப் பின்னாலிருந்து தள்ளும்; மேற்கே போவதை எதிர்த்து நிற்கும். 15,300-ஐ 14.5-ஆல் வகுத்துப் பாருங்கள்: தரைக்கணக்கில் மணிக்குச் சராசரி 1,055 கி.மீ.! எஞ்சின் மட்டும் தரும் வேகமல்ல இது.

பூமியின் சுழற்சிதான் காரணமோ என்று கேட்கலாம். வளிமண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்வதால் அது நேரடிக் காரணம் ஆகாது. தூரம் கூடினால் எரிபொருளும் கூடுமே என்பதும் நியாயமான கேள்விதான். ஆனால் எரிபொருள் செலவு பெரும்பாலும் வானில் இருக்கும் நேரத்தைப் பொறுத்தது. வட அரைக்கோளத்தில் ஜெட் காற்றோட்டம் குளிர்காலத்தில் வலுக்கும் என்பதால், அதே இரு நகரங்களுக்கான பயண நேரம் மாதத்துக்கு மாதம் மாறும்.